கைத்தமனியின் விரிவை மென்பொருளால் அளப்பது: எஃப்எம்டி சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

முன்கையில் கஃப் (பிபி பார்க்கக் கட்டுவது போன்ற, காற்றேற்றும் பட்டை) கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விடுவித்தால் மேற்கையின் பிராக்கியல் தமனி சற்று விரியும். பாய்ந்து வரும் ரத்தத்தின் உராய்வை எண்டோதீலியம் என்ற உள்படலம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதே இதற்குக் காரணம். அந்த விரிவைச் சதவீதமாகச் சொல்வதுதான் எஃப்எம்டி (flow-mediated dilation, ரத்த ஓட்டத்தால் வரும் விரிவு). அல்ட்ராசவுண்ட் படத்தில் தெரியும் விட்டத்தைக் கையால் கோடு போட்டு அளக்காமல், சுவரின் விளிம்பைத் தானே கண்டறியும் மென்பொருளைக் கொண்டு அளப்பது எப்படி என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே தருகிறோம். இது ஆய்வுக்கூடத்தில் குழுக்களை ஒப்பிட உதவும் சோதனை. ஒருவருடைய ஒரே ஒரு அளவை வைத்து அவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல உதவாது.

1. மென்பொருள் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது

முதலில் ஒரு சிறு கணக்கு. திரையில் 4 செ.மீ. ஆழம் 600 பிக்சலில் தெரிகிறது என்றால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.067 மி.மீ. விட்டம் 4 மி.மீ. உள்ள தமனி 60 பிக்சல் உயரம். அது 6% விரிந்தால் கூடுவது 3.6 பிக்சல், அவ்வளவுதான். கையால் கோடு வைப்பவர் மேல்சுவரில் ஒன்று, கீழ்ச்சுவரில் ஒன்று என இரண்டு பிக்சல் தவறினால், தேடிய விரிவில் பாதிக்கு மேல் பிழையாகிவிடும்.

மென்பொருள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அது ஒரே இடத்தில் அளப்பதில்லை. தமனியின் நீளவாக்கில் நூற்றுக்கணக்கான பிக்சல் வரிசைகளிலும் சுவரைத் தேடி, ஒவ்வொன்றிலும் பிரகாசம் மாறும் இடத்தைப் பிக்சலின் பின்னம் வரை கணக்கிட்டு, சராசரி எடுக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளமே 0.154 மி.மீ. தான், அதைவிடச் சிறிய மாற்றத்தை எப்படி அளக்க முடியும் என்று சிலர் கேட்பதுண்டு. அருகருகே உள்ள இரண்டு பொருளைப் பிரித்துக் காட்டும் திறன் வேறு. பளிச்சென்று தெரியும் ஒரே சுவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் நுட்பம் வேறு. சராசரி எடுப்பதால் இரண்டாவது வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்ய முடிகிறது.

இன்னொரு லாபம், எண்ணிக்கை. நாலரை நிமிடப் பதிவில் விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 6,750 ஃப்ரேம்கள். இத்தனையையும் கையால் யாரும் அளக்கப் போவதில்லை. கையால் அளப்பவர் நாலைந்து ஃப்ரேம்களை மட்டும் தேர்ந்தெடுப்பார். அந்தத் தேர்வில் அவருடைய எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் புரோப் (தோலில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் முனை) அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் மென்பொருளுக்கு அது தெரியாது. 4 மி.மீ. தமனியின் நடுவில் போகாமல் 0.5 மி.மீ. தள்ளி வெட்டினால், திரையில் தெரியும் விட்டம் 3.87 மி.மீ.; அதாவது 3% குறைவு. 1 மி.மீ. தள்ளினால் 3.46 மி.மீ.; 13% குறைவு. மென்பொருள் அந்தத் தவறான விட்டத்தை மிகத் துல்லியமாக அளந்து கொடுக்கும். கீழே உள்ள படிகளில் ஏறக்குறைய பாதி மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுவது இதனால்தான்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

குறைந்தது 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் லீனியர் புரோப். பி-மோடு (சுவர்களைக் காட்டும் சாதாரண அல்ட்ராசவுண்ட்) படத்தையும், ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளரையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் வசதி கொண்ட அல்ட்ராசவுண்ட் கருவி. சில கருவிகளில் டாப்ளர் ஓடத் தொடங்கியதும் படம் உறைந்துவிடும். திரையில் இரண்டும் தெரிவதால் இதைக் கவனிக்காமலே பதிவை முடித்துவிட்டு, விட்டத்தின் வரைபடம் நேர்கோடாக வரும்போது விழிப்பவர்கள் உண்டு. கருவி வந்த அன்றே சோதித்துவிடுங்கள்.

புரோப்பைப் பிடித்து வைக்க, திருகினால் மிக நுணுக்கமாக நகரும் தாங்கி வேண்டும். கை எவ்வளவு பழகியதாக இருந்தாலும் பத்து நிமிடம் அரை மில்லிமீட்டருக்குள் நிற்காது. மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொண்டால், தாங்கிக்குச் செலவு செய்யத் தயங்க மாட்டீர்கள்.

முன்கைக்கான கஃப், ஒரு நொடியில் காற்றேற்றி ஒரு நொடியில் இறக்கும் கருவி (ஹோகன்சன் நிறுவனத்தின் கருவி போன்றவை), மூன்று லீட் ஈசிஜி, படத்தைத் தரம் குறையாமல் கணினியில் பதியும் வழி, இவற்றோடு அளவீட்டு மென்பொருள். மென்பொருளில் நிறையத் தேர்வுகள் உண்டு: இத்தாலியின் பைசாவில் உருவான க்விபு நிறுவனத்தின் எஃப்எம்டி ஸ்டூடியோ, அமெரிக்காவின் அயோவாவில் உருவான பிராக்கியல் அனலைசர், பல்கலைக்கழகங்கள் தமக்கென எழுதிக்கொண்டவை. எதை எடுத்தாலும் ஓர் ஆய்வு முடியும் வரை அதையே, அதே பதிப்பிலேயே பயன்படுத்துங்கள். விளிம்பை எந்த இடமாகக் கொள்வது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

கடைசியாக, ஒரு பக்க விதித்தாள். எந்த ஃப்ரேம்களை நீக்குவது, உச்சத்தை எப்படி எடுப்பது, எந்தப் பதிவை முழுதாக ஒதுக்குவது என்று முதல் ஆள் வரும் முன்பே எழுதி வையுங்கள். வரைபடத்தைப் பார்த்த பிறகு எழுதும் விதி, பிடித்த முடிவுக்கு வளைந்துகொடுக்கும்.

3. ஆளைத் தயார் செய்தல்

குறைந்தது 6 மணி நேரம் உணவு கூடாது. காபி, டீ, புகையும் கூடாது. மதுவை முந்தைய நாளே நிறுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்குக் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. எதை எத்தனை மணிக்கு எடுத்தார் என்று குறித்துக்கொண்டால் போதும். "காபி குடித்தீர்களா" என்று மட்டும் கேட்டால் டீ குடித்தவர் இல்லை என்பார். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே ஆளை மீண்டும் அளப்பதாக இருந்தால் அதே வேளையில் அளக்க வேண்டும். தமனியின் விரிவு காலையும் மாலையும் ஒன்றாக இருப்பதில்லை. பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் அளப்பது நல்லது. ஈஸ்ட்ரோஜன் இந்த விரிவை நேரடியாக மாற்றும் என்பதால் முதல் ஏழு நாட்களைத் தேர்வது வழக்கம்.

அறை 22 முதல் 24 டிகிரி செல்சியஸில், சத்தமில்லாமல் இருக்கட்டும். ஏசியின் காற்று நேராகக் கைமேல் படக் கூடாது. மல்லாந்து படுத்து 10 முதல் 15 நிமிட ஓய்வுக்குப் பிறகே பிபி எடுங்கள்.

அக்குளில் நிணநீர் முடிச்சு அகற்றப்பட்ட பக்கம், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கை, ரத்தம் உறைந்திருக்கும் கை ஆகியவற்றில் கஃப் கட்டவே கூடாது. அரிவாளணு ரத்தசோகை உள்ளவர்களைச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

4. கையும் கஃபும்

கையைப் பக்கவாட்டில் நீட்டி, இதயத்தின் மட்டத்தில் மெத்தென்ற தாங்கலில் வையுங்கள். கஃப் முழங்கை மடிப்புக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே, முன்கையில் வர வேண்டும். மேற்கையில் கட்டினால் விரிவு பெரிதாகவே வரும்; பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த விரிவில் நைட்ரிக் ஆக்சைடு அல்லாத காரணங்களின் பங்கும் அதிகம். நாம் அளக்க வந்தது எண்டோதீலியத்தின் வேலையை.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று உண்டு. கஃபுக்கு நேர்கீழே தலையணை இருந்தால், காற்றேறும்போது கஃப் உப்பிக் கையை மேலே தூக்கும். இறங்கும்போது கை கீழே விழும். நமக்கு வேண்டிய அந்த நிமிடத்தில் படம் போய்விடும். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தாங்கல் கொடுத்து, கஃபுக்குக் கீழே இடைவெளி விடுங்கள். பதிவு தொடங்கும் முன் ஒரே ஒரு நொடி காற்றேற்றி இறக்கி, கை அசைகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். அதன் பிறகு சில நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள்.

5. படம்

முழங்கை மடிப்புக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. தூரத்துக்குள் தமனியை முதலில் குறுக்குவெட்டில் பிடியுங்கள். அழுத்தினால் நசுங்குவது சிரை, துடிப்பது தமனி. வட்டத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு புரோப்பை 90 டிகிரி திருப்புங்கள். நேராக நீளவெட்டில் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தமனியின் ஓரத்தில்தான் போய் நிற்பார்கள்.

நடுவில்தான் வெட்டுகிறோமா என்பதற்கு ஒரே நம்பகமான அடையாளம், இரட்டைக் கோடு. ரத்தத்துக்கும் இன்டிமாவுக்கும் (தமனிச் சுவரின் உள்படலம்) இடையே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, மீடியாவுக்கும் (நடுப்படலம்) வெளிப்படலத்துக்கும் இடையே தடித்த வெள்ளைக் கோடு, இரண்டுக்கும் நடுவே கருமை. இது மேல்சுவரிலும் கீழ்ச்சுவரிலும் தெரிய வேண்டும். கீழ்ச்சுவரில் மட்டும் தெரிந்தால் புரோப்பை இம்மி இம்மியாகச் சாய்த்துத் தேடுங்கள். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். இந்தக் கோட்டைப் பிடிக்காமல் பதிவைத் தொடங்குவது, அளவுகோலைப் பிடிக்காமல் துணியை வெட்டுவது போன்றது.

கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பை, குறைவாக வையுங்கள். கெயின் கூடினால் சுவர்கள் உள்நோக்கி ஊறி, உட்குழல் சுருங்கியதுபோல் தெரியும். உட்குழல் கறுப்பாகவும் சுவர் வெள்ளையாகவும் இருக்க, இரண்டுக்கும் இடையில் கூர்மையான மாற்றம் வேண்டும். மென்பொருள் தேடுவது அந்த மாற்றத்தைத்தான். ஃபோகஸைத் தமனியின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். பெர்சிஸ்டன்ஸ் என்று இருக்கும் ஃப்ரேம் சராசரியைக் குறைத்துவிடுங்கள். அது முந்தைய ஃப்ரேம்களை இழுத்துவந்து கலப்பதால் அசையும் சுவர் மங்கிப்போகும்.

ஆழத்தை 3 அல்லது 4 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். ஆழம் கூடினால் தமனிக்குக் கிடைக்கும் பிக்சல் குறையும். 8 செ.மீ. ஆழத்தில் அதே 6% விரிவு வெறும் 1.8 பிக்சல்தான்.

சரியான படம் கிடைத்ததும் மூன்று வேலைகள்: தாங்கியை இறுக்குங்கள், தோலில் புரோப்பின் ஓரத்தைப் பேனாவால் குறியிடுங்கள், கருவியின் எல்லா அமைப்புகளையும் எழுதிவைத்து, பதிவு முடியும் வரை எதையும் தொடாதீர்கள். நடுவில் கெயினை மாற்றினால் விட்டமும் மாறும். மென்பொருள் அதை விரிவு என்றே படிக்கும்.

6. டாப்ளர்

உராய்வு எவ்வளவு என்று தெரியாமல் விரிவை மட்டும் சொல்வது, கேள்வியைக் கேட்காமல் விடைக்கு மதிப்பெண் போடுவது மாதிரி. ஒருவருக்குத் தமனி குறைவாக விரிந்ததற்கு அவருடைய எண்டோதீலியமும் காரணமாக இருக்கலாம், குறைவான ரத்தப் பாய்ச்சலும் காரணமாக இருக்கலாம்.

ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையேயான கோணம் 60 டிகிரி அல்லது அதற்குக் கீழே. காரணம் கோசைன். நீங்கள் 60 என்று வைத்திருக்க உண்மையில் 65 என்றால் வேகம் 15% குறைவாக வரும். 70 என்று வைத்து உண்மை 75 ஆனால் 24% குறைவு. கோணம் ஏற ஏற அதே 5 டிகிரி தவறுக்குக் கொடுக்கும் விலையும் ஏறும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சுவர் தெளிவாகத் தெரிய ஒலி செங்குத்தாக விழ வேண்டும். டாப்ளருக்குச் சாய்வாகப் போக வேண்டும். கருவியின் பீம் சாய்ப்பை (ஒலிக்கற்றையைச் சாய்க்கும் வசதி) 30 டிகிரி வரை திருப்ப முடிந்தால் கிடைமட்டமான தமனியிலேயே 60 கிடைத்துவிடும். 20 தான் முடியும் என்றால் தமனியைத் திரையில் 10 டிகிரி சாய்வாகப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் சாய்த்தால் சுவரின் கோடு மங்கத் தொடங்கும்.

சாம்பிள் பெட்டி (டாப்ளர் வேகத்தை அளக்கும் பகுதி) உட்குழலின் பெரும்பகுதியை அடைக்கட்டும். சுவரைத் தொட வேண்டாம். வால் ஃபில்டர் (சுவரின் அசைவால் வரும் மெதுவான சைகைகளை வடிகட்டுவது) தாழ்வாக இருக்கட்டும். உயர்த்தினால் மெதுவான ஓட்டம் அறுபட்டு, சராசரி வேகம் இருப்பதைவிட அதிகமாக வரும். வேக அளவுகோலைக் கஃப் விடும்போது வரும் பாய்ச்சலுக்கு ஏற்ப முன்பே உயர்த்திவையுங்கள். ஓய்வில் அலை சின்னதாகத் தெரிகிறதே என்று அளவுகோலைக் குறைத்துவைத்தால், விடுவித்த முதல் சில நொடிகளில் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கீழிருந்து முளைக்கும். அப்போது அவசரமாக மாற்றினால் அளவுத்திருத்தம் (பிக்சலை உண்மையான அளவாக மாற்றும் கணக்கு) பாழாகும்.

7. பதிவின் வரிசை

ஓய்வு நிலையில் குறைந்தது 1 நிமிடம் பதியுங்கள். கஃபைச் சிஸ்டாலிக் அழுத்தத்துக்கு (பிபியின் மேல் எண்) மேல் குறைந்தது 50 மி.மீ. பாதரசம் ஏற்றுங்கள், பல இடங்களில் எல்லோருக்கும் பொதுவாக 200 முதல் 250 வரை ஓர் அளவை வைத்துக்கொள்கிறார்கள். சரியாக 5 நிமிடம். விடுவிப்பதற்கு 30 விநாடி முன்பு பதிவை மீண்டும் தொடங்கி, விடுவித்த பிறகு குறைந்தது 3 நிமிடம் தொடருங்கள்.

அந்த 30 விநாடி எதற்கு? ஐந்து நிமிடத்தில் படம் நகர்ந்திருந்தால் சரிசெய்யக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. முதல் பதிவிலிருந்து ஒரு ஃப்ரேமை அச்செடுத்துத் திரையின் பக்கத்தில் ஒட்டி, தோலடியில் தெரியும் தசைக்கோடு ஒன்றை அடையாளமாக வைத்து, இப்போது வரும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று நிமிடம் ஏன்? 60-ஆவது விநாடியில் மட்டும் அளக்கும் பழைய வழக்கம் கையால் அளந்த காலத்தின் மிச்சம். பலருக்கு உச்சம் அதற்குப் பிறகே வரும். வயதானவர்களில் இன்னும் தாமதமாகும். 60-இல் நிறுத்தினால் மெதுவாக விரியும் தமனியை விரியாத தமனி என்று எழுதிவிடுவோம்.

அந்த ஐந்து நிமிடமும் கை மரத்துக் குறுகுறுக்கும். முன்பே சொல்லிவிட்டால் ஆள் பயந்து அசைய மாட்டார். பேச்சுக் கொடுக்காதீர்கள். விடுவிக்கும் நொடியில் "இதோ விடுகிறேன்" என்று சொல்லவும் வேண்டாம்; கேட்டதும் கையை இறுக்குவார்கள்.

8. கோப்பை வெளியே எடுத்தல்

மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் எடுக்க முடிந்தால் அதுவே நல்லது. ஒரு பிக்சலுக்கு எத்தனை செ.மீ. என்ற தகவல் கோப்புக்குள்ளேயே இருக்கும். கருவி நீண்ட பதிவுகளைச் சேமிக்க மறுத்தால் வீடியோ வெளியீட்டிலிருந்து கேப்சர் கார்டு வழியாகப் பதியலாம். அப்போது கருவித் திரையின் அதே ரெசல்யூஷனில், சுருக்கம் இல்லாமலோ மிகக் குறைந்த சுருக்கத்திலோ பதியுங்கள். எம்பி4 போல அழுத்தமாகச் சுருக்கினால் படம் சிறு கட்டங்களாக உடையும். மென்பொருள் அந்தக் கட்டத்தின் ஓரத்தைச் சுவர் என்று பிடித்துக்கொள்ளும்.

திரையைச் செல்போனில் படமெடுத்து அளக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது.

9. அளவுத்திருத்தம்

படத்தின் ஓரத்தில் உள்ள ஆழக் குறிகளில் 0-இலும் 3 செ.மீ.யிலும் சொடுக்குங்கள். 0-இலும் 1-இலும் அல்ல. 1 செ.மீ. 150 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் தவறு 0.67% பிழை, 3 செ.மீ.க்கு அதே தவறு 0.22% தான்.

விகிதமாகச் சொல்வதால் அளவுத்திருத்தப் பிழை எஃப்எம்டியில் அடிபட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனால் ஓய்வுப் பதிவும் விடுவித்த பிறகான பதிவும் ஒரே திருத்தத்தில் ஓடினால் மட்டுமே. இரண்டு கோப்புகளுக்கும் தனித்தனியாகச் சொடுக்கினால் அந்த 0.67% நேராக முடிவில் வந்து உட்காரும். 6% என்பது 6.7 ஆகலாம், 5.3 ஆகலாம். ஒருமுறை செய்த திருத்தத்தைச் சேமித்து இரண்டுக்கும் அதையே போடுங்கள்.

டாப்ளருக்கு வேறு திருத்தம்: பூஜ்யக் கோடு எங்கே, செங்குத்து அச்சில் விநாடிக்கு எத்தனை செ.மீ. என்று இரண்டையும் காட்ட வேண்டும். பூஜ்யக் கோட்டை இரண்டு பிக்சல் தள்ளி வைத்தால் பின்னோக்கிய ஓட்டம் காணாமல் போய்விடும், அல்லது இல்லாத இடத்தில் முளைத்துவிடும்.

10. அளவிடும் பெட்டி

இரட்டைக் கோடு இரு சுவரிலும் தெளிவாக உள்ள நேரான பகுதியில் பெட்டியை வரையுங்கள். 5 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 10 மி.மீ.க்கு மேல். நீளமாக இருந்தால் நல்லது என்று மங்கலான பகுதியையும் சேர்ப்பது பெரிய தவறு. கெட்ட பிக்சல்கள் நல்ல பிக்சல்களையும் இழுத்துக்கொண்டு போகும். கிளை பிரியும் இடம் பெட்டிக்குள் வரக் கூடாது. தமனி சாய்வாக இருந்தால் பெட்டியையும் அதே சாய்வுக்குத் திருப்புங்கள்.

இன்டிமாவிலிருந்து இன்டிமா வரையா, மீடியாவின் வெளிக்கோட்டிலிருந்து வெளிக்கோடு வரையா என்பதை விதித்தாளில் முன்பே எழுதியிருக்க வேண்டும். இரண்டுமே ஏற்கத்தக்கவை. ஒரு ஆளுக்கு ஒன்றும் இன்னொருவருக்கு மற்றதும் என்றால் ஒப்பிட முடியாது. மென்பொருள் இடையில் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குத் தாவும் ஆபத்தும் உண்டு. அடுத்த படி அதற்காகத்தான்.

11. தடத்தைச் சரிபார்த்தல்

மென்பொருளை ஓடவிட்டு, அது வரைந்த கோடுகளைப் படத்தின் மேல் வைத்து முழுப் பதிவையும் ஒருமுறை பாருங்கள். வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். பார்க்காமல் விடக் கூடாது. மென்பொருள் சொன்ன எண்ணை நேராக அட்டவணையில் ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகச் செலவானது.

விதித்தாளின்படி தவறான ஃப்ரேம்களை நீக்குங்கள்: சுவர் மறைந்தவை, கோடு வேறு படலத்துக்குத் தாவியவை. நீக்குவது யார் என்பதும் முக்கியம். அந்த ஆள் எந்தக் குழு, மருந்துக்கு முன்பா பின்பா என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. கோப்புப் பெயரிலேயே அந்தத் தகவல் இருந்தால் மறைத்ததாக ஆகாது.

ஒவ்வொரு துடிப்பிலும் தமனி சற்றே விரிந்து சுருங்குகிறது. ஈசிஜியின் ஆர் அலையில் மட்டும் எடுத்தால் டயஸ்டோலின் (இதயம் தளரும் கட்டம்) முடிவில் உள்ள விட்டம் கிடைக்கும். துடிப்பு முழுவதையும் சராசரி எடுப்பதும் சரியே. ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

12. அடிப்படை, உச்சம், சதவீதம்

அடிப்படை விட்டம் என்பது காற்றேற்றும் முன் பதிந்த ஒரு நிமிடத்தின் சராசரி. கஃப் இறுகியிருக்கும்போது எடுத்த அந்த 30 விநாடியை அடிப்படையாக வைக்காதீர்கள். ஓட்டம் குறைந்த நிலையில் சிலருக்குத் தமனி சுருங்கியிருக்கும். அதிலிருந்து கணக்கிட்டால் எஃப்எம்டி பொய்யாகக் கூடும்.

உச்சத்தில்தான் பெரிய பொறி. அடிப்படை ஒரு சராசரி. உச்சமோ இருப்பதிலேயே பெரிய மதிப்பு. இரைச்சல் உள்ள வரைபடத்தில் பெரிய மதிப்பு என்பது எப்போதும் உண்மைக்கு மேலேதான் இருக்கும். ஆகவே படம் கெடக் கெட எஃப்எம்டி கூடும். மோசமாக எடுத்த பதிவு ஆரோக்கியமான தமனியாகத் தெரியும். இதைத் தவிர்க்க மூன்று துடிப்பு அல்லது மூன்று விநாடி நகரும் சராசரியால் வரைபடத்தை மென்மையாக்கி, அதன் பிறகே உச்சத்தை எடுங்கள். ஒற்றை ஃப்ரேமின் உச்சம் ஒருபோதும் வேண்டாம்.

சதவீதம் = (உச்சம் − அடிப்படை) ÷ அடிப்படை × 100. அடிப்படை 3.92, உச்சம் 4.17 என்றால் 0.25 மி.மீ. கூடுதல், 6.4%.

இந்தச் சதவீதம் சின்னத் தமனிக்குச் சலுகை கொடுக்கிறது. அதே 0.25 மி.மீ. விரிவு, 3 மி.மீ. தமனியில் 8.3%; 5 மி.மீ. தமனியில் 5%. ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடும்போது இது நேரடியாகக் குழப்பும். எனவே சதவீதத்தோடு அடிப்படை விட்டத்தையும் மில்லிமீட்டர் மாற்றத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள். குழுக்களின் அடிப்படை விட்டம் வேறுபட்டால், விட்டங்களை மடக்கைக்கு மாற்றி அடிப்படையைத் துணைமாறியாக வைக்கும் அலோமெட்ரிக் முறையைப் புள்ளியியலாளரிடம் கேளுங்கள்.

13. உராய்வைக் கணக்கிடுதல்

ஷியர் ரேட்டுக்கு (இந்த உராய்வைக் காட்டும் அளவு) இரண்டு சூத்திரங்கள் புழங்குகின்றன: 4 × வேகம் ÷ விட்டம், 8 × வேகம் ÷ விட்டம். குழப்பத்துக்குக் காரணம் வேகத்தின் பொருள். பரவளைய ஓட்டத்தில் (நடுவில் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போவது) நடுவில் உள்ள உச்ச வேகம் சராசரியைப் போல இரு மடங்கு. ஆகவே அலையின் வெளிவிளிம்பைத் தொடரும் மென்பொருளுக்கு 4, சராசரி வேகத்தைத் தரும் மென்பொருளுக்கு 8 என்று போட்டால் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும். உங்கள் மென்பொருள் எதைத் தருகிறது என்று கையேட்டில் பார்த்து, சூத்திரத்தோடு எழுதிவையுங்கள்.

விடுவித்த நொடியிலிருந்து விட்டம் உச்சத்தைத் தொடும் நொடி வரை ஷியரின் வளைகோட்டுப் பரப்பை எடுங்கள். உச்சத்துக்குப் பின் வருவது அந்த உச்சத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. எஃப்எம்டியை இந்தப் பரப்பால் வகுத்து ஒரே எண்ணாக்குவதைவிட, இரண்டையும் தனித்தனியே காட்டுவது மேல். வகுப்பதற்கு இரண்டுக்கும் நேர்விகிதத் தொடர்பு இருக்க வேண்டும். எல்லாக் குழுவிலும் அது இருப்பதில்லை.

14. நைட்ரோகிளிசரின் சோதனை

தமனியின் தசையே விரியும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, எண்டோதீலியத்தின் உதவியின்றியே தமனியை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மருந்தை 0.4 மி.கி. நாக்கடியில் கொடுப்பது வழக்கம். எஃப்எம்டி முடிந்து குறைந்தது 10 நிமிடம் கழித்து, புதிதாக அடிப்படையைப் பதிந்த பிறகே கொடுக்க வேண்டும். விரிவு மூன்றாவது, நான்காவது நிமிட வாக்கில் உச்சமடையும். மருத்துவர் அருகில் இல்லாமல் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கும், சில்டனாஃபில் வகை மாத்திரை எடுத்தவர்களுக்கும் கண்டிப்பாகக் கூடாது.

15. அளப்பவரையும் அளத்தல்

மேற்பார்வையில் 100 ஸ்கேனாவது எடுத்து அளந்த பிறகே தனியாகச் செய்யலாம், அதன் பிறகும் ஆண்டுக்கு 100 எடுத்தால்தான் கை நிற்கும் என்பது இத்துறையின் வழிகாட்டுதல்களில் உள்ள அளவுகோல். மென்பொருள் வந்ததால் இது குறைந்துவிடவில்லை. படம் எடுப்பது இன்னும் கைதான்.

பழைய பதிவுகளில் இருபதை எடுத்து, பெயர் மறைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் அளவுத்திருத்தத்திலிருந்தே தொடங்கி அளந்து பாருங்கள். இது அளப்பவரின் பிழையைக் காட்டும். ஒரே ஆளை இரண்டு நாளில் ஸ்கேன் செய்து அளப்பது முழு முறையின் பிழையைக் காட்டும். இரண்டும் வெவ்வேறு. முதலாவது சிறிதாக இருப்பதைக் காட்டி இரண்டாவதையும் சிறிது என்று சொல்லிவிடக் கூடாது. எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்ற கணக்குக்கு இரண்டாவதே வேண்டும்.

16. வரைபடத்தைப் பார்த்தே பிழையைப் பிடித்தல்

விடுவித்த நொடியிலேயே விட்டம் செங்குத்தாக ஏறினால் அது விரிவு அல்ல, கை நகர்ந்திருக்கிறது. உண்மையான விரிவு சில விநாடி தாமதித்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கும்.

இரண்டாவது பதிவின் முதல் 30 விநாடி, ஓய்வுப் பதிவைவிட மேலே இருந்தால் புரோப் வேறு வெட்டில் இருக்கிறது, அல்லது திருத்தம் மாறியிருக்கிறது. அந்த நிலையில் தமனி சுருங்கியிருக்கலாம். விரிந்திருக்கக் காரணம் இல்லை.

வரைபடம் படிக்கட்டுபோல் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கோடு இன்டிமாவுக்கும் வெளிப்படலத்துக்கும் இடையே தாவுகிறது. பெட்டியைச் சுருக்கி மீண்டும் ஓட்டுங்கள். மூச்சின் வேகத்தில் அலை அலையாக ஏறி இறங்கினால் தாங்கல் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்று நிமிட முடிவிலும் விட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் புரோப் மெல்ல வழுக்குகிறதா என்று பாருங்கள்: தோலில் இட்ட பேனாக் குறியும் தசைக்கோடும் அதைச் சொல்லிவிடும். வழுக்கியிருந்தால் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு, இன்னொரு நாள் அதே வேளைக்கு அந்த ஆளை மீண்டும் வரச்சொல்லுங்கள்.